மாமியாருக்கு மஞ்சள் தொப்பி

மாமியார் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு முப்பது நாள். அதில் இருபத்தொன்பது நாள் கூத்தையும் நீங்கள் வாராவாரம் பார்த்துவிட்டீர்கள். விட்டுப்போனவர்களுக்கு இரண்டே வரி. மருமகள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் மாமியார் போய் வேலைக்குச் சேர்ந்ததும் அதே சலவைக்கூடம்தான்.

"ஊர்ல வேற வேலையே கிடைக்கலையா அத்தை?" என்று மருமகள் அன்றைக்கு அழாத குறையாகக் கேட்டாள்.

"கிடைக்கும். பஸ்ஸுல பேச்சுத் துணைக்கு நீ கிடைப்பியா?" என்றார் மாமியார். அதோடு விஷயம் முடிந்துவிட்டது. அந்த வீட்டில் மாமியார் ஒரு கேள்வி கேட்டால் அது பதில் என்று அர்த்தம்.

அந்தச் சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம். புதிதாக வருகிறவர்கள் முப்பது நாள் மஞ்சள் தொப்பி போட வேண்டும். சூப்பர்வைசர் அவர்களை ஒவ்வொரு மெஷினிலும் நிறுத்தி, சொல்லிக்கொடுத்து, செய்து காட்டச் சொல்லி, பதிவேட்டில் டிக் போடுவாள். எல்லா டிக்கும் விழுந்து, வம்பு தும்பு இல்லாமல் மாதம் ஓடினால் முப்பதாம் நாள் நீலத் தொப்பி. நீலம் இல்லையென்றால் வந்த வழியே வீட்டுக்கு.

மாமியாருக்கு அந்த நீலத் தொப்பி மேல் அப்படி ஓர் ஆசை. "முப்பது வருஷமா நாலு சுவத்தையே பார்த்துப் பார்த்து, இப்ப சுவத்துக்கே என்னைப் பிடிக்காமப் போச்சு," என்று அவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னதை மருமகள் கேட்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கேட்டவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆக, முப்பதாம் நாள் விடிந்தது. மாமியார் ஐந்து மணிக்கே குளித்துத் தயாராகிவிட்டார். வாசல் பக்கத்து ஆணியில் தொங்கிய குடையை எடுத்து வேறு இடத்தில் மாட்டினார். ஆணியை ஈரத்துணியால் துடைத்தார்.

"எதுக்கு அத்தை?"

"சாயந்தரம் நீலத் தொப்பி மாட்டணும்ல."

 மருமகள் சமையலறைக்குள் போய் அலமாரியைத் திறந்தாள். திறந்தாள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அந்த அலமாரிக் கதவைத் திறப்பதற்கு முதலில் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். அந்த வீட்டில் எது கெட்டுப்போனாலும் மாமியாருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் துணிக்கட்டு. சொட்டுகிற குழாய்க்கு ஒரு கட்டு, ஆடுகிற நாற்காலிக்கு ஒரு கட்டு, தானாகத் திறந்துகொள்ளும் கதவுக்கு ஒரு கட்டு. பழைய புடவை, பழைய சட்டை, ஓட்டை விழுந்த தலையணை உறை எல்லாம் நீள நீளக் கிழிசலாகி வீடு முழுக்க ஏதோ ஒன்றைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தன. ரிப்பேர்காரன் அந்த வீட்டு வாசலை மிதித்துப் பத்து வருஷம் ஆகிறது.

மகன் காலை உணவோடு கிண்டலையும் சேர்த்து மென்றுகொண்டிருந்தான். அவன் ஒரு சரக்குக் கிடங்கில் பொறுப்பாளர். "ஒரு தொப்பிக்கு முப்பது நாளா? எங்க கிடங்குல இந்த வாரம் மூணு பசங்க புதுசாச் சேர்ந்திருக்கானுங்க. அஞ்சே நிமிஷம். காகிதத்தை நீட்டுவேன், 'புரிஞ்சுதா?'ம்பேன், தலையாட்டுவானுங்க, கையெழுத்து. முடிஞ்சுது ஜோலி."

"உங்க பசங்க கெட்டிக்காரங்கபோல," என்றாள் மனைவி.

"சொல்லிக்கொடுக்கிற ஆளு கெட்டிக்காரன்," என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான் அவன்.

சலவைக்கூட வாசலைத் தாண்டியதும் எப்போதும்போல் மாமியாரின் பேச்சு மாறிவிட்டது. வீட்டில் 'இந்தாம்மா'. இங்கே 'மேடம்'. அதுவும் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. "மேடம், நான் ரோலருக்குப் போகட்டுங்களா மேடம்?" மருமகளுக்கு ஒவ்வொரு மேடமும் முதுகில் கிள்ளுகிற மாதிரி இருக்கும்.

ரோலர் என்பது இஸ்திரி போடும் மெஷின். கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்பு உருளை, கொதிக்கக் கொதிக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். ஈரப் படுக்கைவிரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்து உள்ளே விட்டால் அந்தப் பக்கம் மொடமொடவென்று வந்து விழும். உருளையின் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி. விரல் அந்தக் கம்பியில் பட்டால் போதும், ரோலர் அந்த நொடியே நின்றுவிடும். அந்தக் கம்பிக்கு அது ஒன்றுதான் வேலை.

ஒரே ஒரு தொல்லை உண்டு. விரிப்பு கொஞ்சம் மடிந்து தடிப்பாகப் போனாலும் கம்பி அதை விரல் என்று நினைத்துக்கொள்ளும். ரோலர் நிற்கும். மறுபடி ஓட விட வேண்டும். காலையில் பத்து தடவையாவது இது நடக்கும். பழகியவர்களுக்குக் கோபம் வராது. புதியவர்களுக்கு மூக்கு நுனியில் நிற்கும்.

ரோலரில் மாமியாருக்கு ஜோடி குச்சி. பதினெட்டு வயசுப் பெண். காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். அவளுக்கும் இன்றுதான் முப்பதாவது நாள். மாமியார் தன் டிபன் பாக்ஸில் பாதியை ஒரு மாதமாக அவளுக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மணி பத்தரை இருக்கும். மருமகள் கழுத்தில் விசிலும் கையில் பதிவேடுமாக ஒரு சுற்று வந்தாள். ரோலர் பக்கம் துணி மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அட, இன்றைக்கு ஒரு தடவைகூட நிற்கவில்லையே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. அத்தைக்குக் கைவந்துவிட்டது என்று பேனா மூடியைத் திறந்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். குச்சி பிடித்திருந்த விரிப்பின் ஈர முனை அவள் விரல்களில் சுற்றிக்கொண்டுவிட்டது. துணி உள்ளே போகிறது. துணியோடு கையும் போகிறது. குச்சியின் கை கம்பியைத் தொட்டது. ரோலர் நிற்கவில்லை.

விசிலை ஊதியது மருமகளுக்கு நினைவில்லை. ஓடியதும் நினைவில்லை. சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தது மட்டும்தான் நினைவிருந்தது. ரோலர் முனகிக்கொண்டு நின்றது. உருளைக்கும் குச்சியின் விரலுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது.

 நீராவி மட்டும் உஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. மருமகள் குச்சியின் கையைப் பிடித்து விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. 

"ஏன் நிக்கலை?" என்று குனிந்து கம்பியைப் பார்த்தாள்.

கம்பியின் இரண்டு முனையையும் அசையவிடாமல் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. வெள்ளைத் துணியில் பச்சைப் பூ. போன மாதம் வரை அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் திரையாகத் தொங்கிய அதே பச்சைப் பூ.

"யார் கட்டினது?" என்றாள். குரல் எழும்பவில்லை.

மாமியாரின் முகம் வெளுத்துப்போயிருந்தது.  அதற்குள் குச்சி முந்திக்கொண்டாள்.

"நான்தான் அக்கா. அடிக்கடி நிக்குதுன்னு கட்டிட்டேன்."

பொய். கூடத்தில் இருந்த மற்றவர்களுக்குத் தெரியாது, மருமகளுக்குத் தெரியும். கம்பியைக் கட்டியவர் யாராக இருந்தாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டும் என்பது பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிய சட்டம். இந்தப் பெண் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஒரு வரி எழுதினால் போதும். அத்தைக்குச் சாயந்தரம் நீலத் தொப்பி. வாசல் ஆணி காலியாகக் கிடக்காது. வீட்டில் நிம்மதி. ஒரு டிபன் பாக்ஸில் பாதி சாப்பிட்ட நன்றிக்காக ஒரு பெண் வேலையை இழப்பாள், அவ்வளவுதான்.

சீ, என்ன புத்தி இது என்று மருமகள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"கெட்டிக்காரிதான்," என்றாள் குச்சியிடம். "எங்க வீட்டு ஜன்னல் திரை உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

 மாமியார் முன்னால் வந்து நின்றார்.

"அவளை விடு. நான் கட்டினது. நேத்து சாயந்தரம். பத்து தடவை நிக்குது, துணி மலையாக் குவியுது, உனக்குத்தானே கெட்ட பேருன்னு..." மேடமெல்லாம் எங்கோ போய்விட்டது. "அந்தக் கம்பி ரிப்பேர்னு நினைச்சேன்மா. சத்தியமா. வீட்டுல கதவுக்குக் கட்டுற மாதிரிக் கட்டினேன்."

"ரிப்பேரா? அது விரலுக்குத்தான் அத்தை. முதல் நாளே சொன்னேனே…"

சொல்லும்போதே மருமகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொன்னேனா?

முதல் நாள் நடந்தது கண்முன் வந்து நின்றது. புதிதாக வந்த நாலு பேரையும் வரிசையில் நிறுத்தினாள். கட்டையில் துணி சுற்றிக் கம்பியில் தட்டி ரோலரை நிறுத்திக் காட்டினாள். "எதுக்கு நின்னுச்சு, சொல்லு. நீ செஞ்சு காட்டு," என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். குச்சியை மூன்று தடவை செய்ய வைத்தாள். கடைசியில் மாமியாரின் முறை வந்தது. வீட்டில் தனக்கு அடுப்பு பற்ற வைப்பதிலிருந்து சொல்லிக்கொடுத்த மனுஷியை, நாலு பேர் முன்னால், 'நீங்க செஞ்சு காட்டுங்க' என்று எப்படிக் கேட்பது? போதாததற்கு அந்த நேரம் பார்த்து அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். "அத்தைக்குத் தெரியாததா," என்று சிரித்து மழுப்பிவிட்டு டிக் போட்டாள்.

பதிவேட்டைப் புரட்டினாள். 'செய்து காட்டினார்' என்ற கட்டத்தில் அந்த டிக் அழகாக உட்கார்ந்திருந்தது. அவள் கையால் போட்ட பொய்.

மேனேஜர் அறையில் மருமகள் அதைத்தான் முதலில் காட்டினாள். பிறகுதான் பச்சைப் பூத்துணியை மேஜையில் வைத்தாள். மாமியார் பக்கத்தில் நின்றார்.

"கட்டினது என் மாமியார். ஆனா அந்தக் கம்பி எதுக்குன்னு அவங்களுக்கு நான் சொல்லவே இல்லை சார். சொல்லாமலே டிக் போட்டேன். மரியாதை பார்த்தேன்."

மேனேஜர் பதிவேட்டை வாங்கி அந்த டிக்கைப் பார்த்தார். கோபக்காரர்தான். ஆனால் நியாயஸ்தர்.

"சொல்லாததை ஒருத்தர் செய்யலைன்னு வீட்டுக்கு அனுப்ப முடியாது," என்றார். "அம்மாவுக்கு இன்னும் ரெண்டு வாரம் மஞ்சள். முதல்லேருந்து எல்லாம் செஞ்சு காட்டணும், நான் பக்கத்துல நின்னு பார்ப்பேன். அந்தப் பொண்ணு பொய் சொல்லுச்சு, நல்ல மனசுல சொல்லுச்சு. இருந்தாலும் அவளுக்கு நீலம் ஒரு வாரம் தள்ளி."

"சரி சார்."

"அப்புறம்…" என்று மேஜை டிராயரைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினார். புத்தம் புதிய மஞ்சள் தொப்பி. "இது உனக்கு. ரெண்டு வாரம். சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு நீ இன்னும் புதுசு."

மருமகள் வாங்கிக்கொண்டாள். கன்னம் எரிந்தது. கழுத்தில் விசில், தலையில் மஞ்சள் தொப்பி, இந்தக் கோலத்தில் கூடத்துக்குள் அவள் நடந்து வந்ததைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாமியார். இன்னொருத்தி குச்சி.

சாயந்தரம் பஸ்ஸில் இரண்டு மஞ்சள் தொப்பிகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. மூன்று நிறுத்தம் வரை பேச்சே இல்லை. மாமியாரா பேசாமல் வருகிறார் என்று மருமகளே ஆரம்பித்தாள்.

"அத்தை, எல்லார் முன்னாலயும் வீட்டுத் திரைன்னு சொல்லிட்டேன். கோபமா?"

"கோபம்தான்."

மருமகள் தலை குனிந்தாள்.

"அதுக்கில்ல. குச்சியை மூணு தடவை செய்ய வச்சியே, என்னை ஒரு தடவை செய்ய வச்சியா? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்ல எனக்கு வெக்கம். எனக்குச் சொல்லிக்கொடுக்க உனக்கு வெக்கம். நம்ம ரெண்டு பேர் வெக்கத்துக்கு அந்தப் புள்ளை கை போயிருக்கும்."  மாமியார் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மாமியார் உடைச்சா மண்குடம்னு விட்டுட்ட. இனிமே விடாதே."

"சரி அத்தை."

"தலைக்கு வந்தது தொப்பியோட போச்சுன்னு வச்சுக்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதற்கப்புறம் வீடு வரும் வரைக்கும் இரண்டு பேரும் எதற்கென்றே இல்லாமல் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பக்கத்து சீட்டுக்காரி ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையை நடுவில் இழுத்தார். "இதுதான் ரோலர்." ஒட்டடைக் கம்பை மேஜை விளிம்பில் குறுக்கே வைத்தார். "இதுதான் கம்பி." கட்டிலில் இருந்த விரிப்பை உருவினார். "ம், ஆரம்பி. நாளைக்கு மேனேஜர் முன்னால மானம் போகக் கூடாது."

"நீங்க முனையைப் பிடிங்க. எங்க பிடிக்கணும்?"

"ஓரத்துல. துணி விரல்ல சுத்தக் கூடாது."

"கம்பியில கை பட்டா?"

"நிக்கும்."

"நிக்கலைன்னா?"

"மெஷினை நிறுத்திட்டு உன்னைக் கூப்பிடணும். நானே வைத்தியம் பார்க்கக் கூடாது."

மருமகளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஐந்தாவது தடவை செய்யும்போது மாமியாரின் பழக்கதோஷம் எட்டிப்பார்த்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் தெரியவும் அதைத் தடவி நேராக்கக் கையை நீட்டினார், நேராக ரோலரின் வாய்க்கு.

"கொஞ்சம் கையை…" என்று மருமகள் மெல்ல ஆரம்பித்தாள்.

"நீ இப்படிக் கெஞ்சிட்டு இருந்தா என் கை வெந்துடும். கத்து!"

"எப்படி அத்தை கத்துறது?"

"வாயால!"

மருமகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட எழும்பாத குரலைத் திரட்டிக் கத்தினாள். "கையை எடுங்க! இப்பவே எடுங்க!"

வாசலில் 'தொம்' என்று சத்தம். மகன் கிடங்கிலிருந்து வந்து நின்றிருந்தான். கையிலிருந்த பை தரையில் கிடந்தது. அம்மா மேஜைக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மனைவி விசிலோடு இந்தப் பக்கம். நடுவில் ஒட்டடைக் கம்பு.

"என்ன நடக்குது இங்க? அம்மாகிட்ட ஏன் இப்படிக் கத்துற?"

"நல்லாக் கத்துறாளா?" என்றார் மாமியார் சந்தோஷமாக. "இன்னும் பலமாக் கத்தணும்டா, மெஷின் சத்தத்துல கேக்காது."

நடந்ததை எல்லாம் சொல்லி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. ஆணியில் இரண்டு மஞ்சள் தொப்பிகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கியதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சூப்பர்வைசருக்கே மஞ்சளா!"

"சிரிப்பா வருதா?" மாமியார் முகத்தில் சிரிப்பில்லை. "நீ சேர்த்த மூணு பசங்களையும் செஞ்சு காட்டச் சொன்னியா?"

"அம்மா, அவனுங்க தலையாட்டினானுங்க…"

"நானும்தான் முப்பது நாள் தலையாட்டினேன்."

மகன் சிரிப்பதை நிறுத்தினான். மனைவியைப் பார்த்தான்.  காலரைத் தூக்கிவிட்ட கை மெல்லச் சட்டைப் பைக்குப் போய் போனை எடுத்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று மாமியார் ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

"தம்பி, நான்தான். மேல் தட்டுல சரக்கு ஏத்துறதை நாளைக்கு வச்சுக்கலாம். நான் வந்து ஏணி எப்படி வைக்கணும்னு காட்டுறேன். அதுவரைக்கும் ஏற வேண்டாம்."

"ஏறியாச்சு சார்," என்றது போனில் ஒரு பிஞ்சுக் குரல், பெருமையாக. "ரெண்டு பேர் கீழ இருக்கோம், ஒருத்தன் உச்சித் தட்டுல இருக்கான். ஏணியோட ஒரு கால் கொஞ்சம் ஆடிச்சு சார். கவலைப்படாதீங்க, நீங்க அன்னைக்குக் கிடங்கு நாற்காலிக்குக் கட்டின மாதிரியே துணி போட்டு நல்லா இறுக்கிக் கட்டிட்டோம்."

மாமியார் மகனைப் பார்த்தார். மகன் அலமாரிக் கதவில் தொங்கிய துணிக்கட்டைப் பார்த்தான். பத்து வருஷமாகப் பார்த்துப் பழகிய கட்டு.

மருமகள்தான் போனைப் பிடுங்கினாள். "தம்பி, மேல இருக்கிறவரை அசையாம இருக்கச் சொல்லுங்க. இறங்க வேண்டாம், திரும்பக்கூட வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் ஏணியை ஆளுக்கொரு பக்கம் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. பெரிய ஆளு யாராவது வந்து சொல்ற வரைக்கும் விடக் கூடாது. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்!" அவள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

மகன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கப் போனான். "டேய், நில்லு," என்றார் அம்மா. ஆணியிலிருந்து தன் மஞ்சள் தொப்பியை எடுத்து, அவன் தலையில் வைத்து, காது வரைக்கும் இழுத்துவிட்டார்.

"இப்பப் போ," என்றார்.